தாரும் மண்ணும் கலந்த சாலைக்கு வேகமான சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சைக்கிள் ஓட்டுவது தஞ்சாவூர்ப் பக்கத்தில். விடியற்காலையில் கிளம்பினால் முதலில் நல்ல தார்ச்சாலை, பிறகு நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரை, அதன்பின் ஏதாவது ஒரு கிராமத்துக் கப்பிச் சாலை, வீடு திரும்பும்போது மறுபடியும் தார். ஒரே காலையில் இவ்வளவும் வந்துவிடும். இத்தகைய சாலைகளில் வேகமாகப் போக எந்த சைக்கிளை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை.

கிராவல் சைக்கிள் உண்மையிலேயே தனி வகையா, அல்லது விற்பனைக்காக வைத்த பெயரா?

தனி வகைதான். தாரிலும் மண்ணிலும் கல்லிலும் ஓட்டவென்றே செய்தது. பார்வைக்கு ரேஸ் சைக்கிள்போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் ஃபிரேமிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் 40 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயர் நுழைய இடம் விட்டிருப்பார்கள். இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் சற்று அதிகம். ஹேண்டில் சட்டென்று திரும்பாமல் நிதானமாகத் திரும்பும். கியர் மேடேறத் தோதாக இருக்கும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரைச் சுற்றியுள்ள கரடுமுரடான கல் சாலைகளில் 2006-இல் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் போட்டி ஒன்று தொடங்கியது. இன்று அன்பவுண்ட் என்ற பெயரில் நடக்கிறது. அந்தக் காலத்தில் இதற்கென்று சைக்கிள் கிடையாது. கையில் இருந்ததை மாற்றியமைத்துத்தான் ஓட்டினார்கள். 2019-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் ஜி.ஆர்.எக்ஸ். என்று கிராவலுக்கான கியர் வரிசையையே கொண்டுவந்தது. 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

நம் ஊரில் கிராவல் என்றால் வீட்டு மனையை மேடாக்க லாரியில் வந்து இறங்கும் செம்மண்தான் நினைவுக்கு வரும். இறுகிக் காய்ந்த அந்த மண்தான் இந்த சைக்கிள் மிகவும் விரும்பும் தரையும்கூட.

கடைக்குப் போகும் முன் நான் எதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் சாலையை. இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் கடையில் இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

மூன்று வாரம் வழக்கமான பாதைகளில் ஓட்டி, எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை கிலோமீட்டர் தாரில்லாதது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாரில்லாததையும் பிரித்து எழுதுங்கள், ஏனெனில் அதற்குள் நான்கு வகை உண்டு. ஒன்று, இறுகிய செம்மண்: வேகமான தரை, 32 மி.மீ. டயரிலேயே பறக்கலாம். இரண்டு, முக்கால் ஜல்லி சிதறிய தரை: திருப்பத்தில் சக்கரம் வழுக்கும். மூன்று, ஒன்றரை ஜல்லி பெயர்ந்து நிற்கும் பழைய கப்பிச் சாலை: கல்லின் மூலைகள் மேல்நோக்கி இருப்பதால் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். நான்கு, டெல்டாவின் களிமண்: காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை.

பத்தில் எட்டுப் பங்கு தாரும் இரண்டு பங்கு செம்மண்ணும் என்று கணக்கு வந்தால் உங்களுக்குத் தேவை அகல டயர் ஏறும் ரோடு சைக்கிள். பாதிக்குப் பாதி என்றாலோ, கப்பிச் சாலை அடிக்கடி வந்தாலோ கிராவல் சைக்கிள். தார் கால் பங்குகூட இல்லை, பெரும்பாலும் காட்டுப் பாதை என்றால் நேராக மலை சைக்கிளைப் பாருங்கள்.

அகலமான டயர் வேகத்தைக் குறைக்காதா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஒல்லியான டயர், கல்லைப்போல் காற்று, அதுவே வேகம் என்று நம்மில் பலர் நம்பி வளர்ந்தோம். வழுவழுப்பான இரும்பு உருளைமேல் டயரைச் சுழற்றி அளந்தபோது அந்த எண்ணம் சரியாகவே தெரிந்தது. காற்று கூடக் கூடத் தடை குறைந்துகொண்டே வந்தது. சாலை அந்த உருளையைப் போன்றது அல்ல, உருளைமேல் மனிதனும் உட்கார்ந்திருக்கவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

28 மி.மீ. டயரில் 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்துக்கொண்டு ஒரு கப்பிச் சாலையில் இறங்கிப் பாருங்கள். தண்ணீர்ப் பாட்டில் கூண்டுக்குள் தடதடக்கும். முன்கைச் சதை அதிரும். பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். ஒவ்வொரு கல்லும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து ஒரு நூலளவு மேலே தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்கும் சக்தி வேறெங்கிருந்தும் வரவில்லை, நீங்கள் பெடலில் மிதித்த மிதியிலிருந்துதான் வருகிறது. முன்னே போகவேண்டிய உழைப்பு உடம்பின் சதையில் அதிர்வாகிக் கரைந்துபோகிறது. அதே சாலையில் 40 மி.மீ. டயரில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினால் கல்லை டயர் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், நீங்கள் நேராகப் போவீர்கள்.

அகலத்துக்குக் கொடுக்கும் விலை இரண்டு: எடை கொஞ்சம் கூடும், முன்சக்கரம் காற்றைக் கொஞ்சம் அதிகமாகத் தடுக்கும். மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூட்டமாகப் பறப்பவர்களுக்கு அந்தக் காற்றுத்தடை கணக்கில் வரும். 24 முதல் 30 வரை ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்குப் பழுதான தாரிலேயே அகல டயர்தான் வேகம்.

அகலத்தைவிட முக்கியமான ஒன்று டயரின் துணி. உள்ளே நெய்திருக்கும் துணி மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்தால் 40 மி.மீ. டயர்கூடத் தாரில் பாடிக்கொண்டு ஓடும். டயரைக் கையில் எடுத்து இரு விரலால் பக்கச்சுவரை மடக்கிப் பாருங்கள். தோல் செருப்பைப்போல் விறைத்து நின்றால் அது பஞ்சரைத் தடுக்கும், ஆனால் வேகத்தையும் தடுக்கும். நடுப்பகுதி வழுவழுப்பாகவும் ஓரங்களில் மட்டும் சிறு புடைப்புகளோடும் இருக்கும் டயர் நம் கலப்புச் சாலைக்குச் சரியான நடுவழி. முழுக்கக் கட்டம் கட்டமாகப் புடைத்த டயர் தாரில் வண்டுபோல ரீங்காரமிடும். அந்தச் சத்தமே வீணாகும் உழைப்புதான்.

அப்படியானால் எத்தனை மி.மீ. வாங்கலாம்?

செம்மண்ணும் தாரும் மட்டும் என்றால் 35. ஜல்லியும் வரும் என்றால் 38 முதல் 40 வரை. கப்பிச் சாலையில் நீண்ட நேரம் என்றால் 45. ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லவேண்டும் என்றால், 38.

காற்று எவ்வளவு அடிப்பது?

டயர் சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச எல்லை. அதுவே அடிக்கவேண்டிய அளவு என்று எண்ணித்தான் பஞ்சர் கடைகளில் அந்த எண்வரை ஏற்றிவிடுகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவர் 35 மி.மீ. டயரில் 45 பி.எஸ்.ஐ., 40 மி.மீ. டயரில் 35 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட வையுங்கள், எடை அங்கேதான் அதிகம். பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பள்ளத்தில் ரிம் கல்லில் இடிக்கும் ஓசை கேட்டாலோ, திருப்பத்தில் சைக்கிள் நெளிந்தாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்து மூன்று பி.எஸ்.ஐ. ஏற்றினால் அதுதான் உங்கள் எண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுமானி உள்ள தரை பம்பு ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் கணக்கு இந்த டயர்களுக்கு உதவாது.

டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி ஓரத்தில் இல்லாத ரிம் என்று ஒரு வகை வருகிறது. அதில் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றவே கூடாது. ஏற்றினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். உங்கள் ரிம் அந்த வகையா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெஸ் அவசியமா?

சீமைக் கருவேலமும் நெருஞ்சியும் வளரும் நாட்டில் அவசியம் என்றே சொல்வேன். கருவேல முள் நீளமாக நேரே உள்ளே போகும். நெருஞ்சி சிறியது, எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும், ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து ஒட்டிக்கொள்ளும். ட்யூப் போட்ட சக்கரத்தோடு அதில் ஓடினால் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். ட்யூப்லெஸ் டயருக்குள் இருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவம் அந்த ஓட்டைகளைத் தானே அடைத்துவிடுகிறது. ஒருமுறை கால்வாய்க் கரையிலிருந்து வீடு வந்தபின் என் பின்டயரில் பதினோரு முட்களை எண்ணினேன். சக்கரத்தில் காற்று அப்படியே இருந்தது.

திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். 40 மி.மீ. டயருக்குச் சுமார் 60 மில்லி தேவை. கல் கிழித்த பெரிய துளைக்குத் திரவம் போதாது; அதற்கு ரப்பர்த் திரி ஒரு பொட்டலமும் ஒரு மாற்று ட்யூபும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஃபிரேமில் எவ்வளவு இடம் இருக்கவேண்டும்?

போடப்போகும் டயருக்கு இரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் முதலில் வாங்கிய சைக்கிளின் விவரத்தாளில் 32 மி.மீ. வரை ஏறும் என்று இருந்தது. 32 என்று அச்சிட்ட டயரையே போட்டேன். அகலமான ரிம்மில் அது விரிந்து 34 ஆகிவிட்டது. வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மழை விட்ட மறுநாள் வாய்க்கால் கரையில் இறங்கினேன். இருநூறு அடி போவதற்குள் களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்கின் உட்புறத்தில் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தபோது உள்ளே பெயின்ட் வெள்ளைத் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தது. அன்று சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டுதான் தார்ச்சாலைவரை வந்தேன்.

டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபிரேமில் இல்லாத இடத்தை எந்த மெக்கானிக்காலும் உண்டாக்க முடியாது. ஆகவே மற்ற எல்லா விவரங்களுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்.

என்னிடம் ஏற்கெனவே ரோடு சைக்கிள் இருக்கிறது. அதிலேயே ஓட்டலாமா?

ஓட்டலாம், அதில் எவ்வளவு அகல டயர் ஏறும் என்பதைப் பொறுத்து. இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளை மண்சாலைகளில் நடக்கும் ஸ்ட்ராடே பியாங்கே போட்டியில் தொழில்முறை வீரர்கள் ரோடு சைக்கிளில்தான் ஓடுகிறார்கள். ஆனால் அந்தச் சாலை பெரும்பாலும் இறுகியது, நம் செம்மண்ணுக்கு உறவு. நம் கப்பிச் சாலையை அதோடு ஒப்பிட முடியாது. 30 அல்லது 32 ஏறினால் செம்மண்வரை தாராளமாகப் போங்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிளில் 25, மிஞ்சினால் 28தான் நுழையும் என்றால் தாரோடு நில்லுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ரோடு சைக்கிள் என்ற பெயரில் விற்பவையே இப்போது அகல டயரை ஏற்கின்றன. ட்ரெக் டொமேனின் நான்காம் தலைமுறை 38 மி.மீ. வரை, ஸ்பெஷலைஸ்டு ரூபே எஸ்.எல்.8 40 மி.மீ. வரை இடம் தருகின்றன. கிராவல் வகையான ஸ்பெஷலைஸ்டு டைவர்ஜில் 47கூட ஏறும். தார் அதிகம், மண் குறைவு என்று கணக்கு வந்தவர்கள் முதல் இரண்டைப் போன்றவற்றைப் பார்ப்பதே சரி.

நேர் ஹேண்டில் உள்ள ஹைபிரிட் போதாதா?

இருபது முப்பது கிலோமீட்டருக்குப் போதும். அதற்கு மேல் இரண்டு தொல்லைகள். கைகளை வைக்க ஒரே இடம்தான் இருப்பதால் மணிக்கட்டு மரத்துப்போகும். நெஞ்சு நிமிர்ந்திருப்பதால் எதிர்காற்றை முழுதாக வாங்கிக்கொள்வீர்கள். வயல் நடுவே மரமில்லாத சாலையில் ஆடிமாதக் காற்றுக்கு எதிரே ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் சைக்கிளை மாற்றும் முன் டயரை மாற்றிப் பாருங்கள். கூடவே வரும் கனத்த டயரைக் கழற்றிவிட்டு மெல்லிய துணியுள்ள 35 போட்டால் அது வேறு சைக்கிளாகிவிடும்.

முன்னால் சஸ்பென்ஷன் இருந்தால் நல்லதுதானே?

மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஏறி மிதிக்கும்போது முன்பக்கம் குனிந்து குனிந்து எழும். வேகம்தான் நோக்கம் என்றால் வேண்டாம்.

வேகத்துக்கு உட்காரும் நிலை எவ்வளவு முக்கியம்?

டயருக்கு அடுத்தபடி இதுதான். சைக்கிளின் வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது, அதைத் தள்ளிச் செல்ல வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. அந்தக் காற்றில் பெரும்பகுதியைத் தடுப்பது உங்கள் உடம்பு, சைக்கிள் அல்ல. முழங்கையை மடித்து முதுகைத் தாழ்த்தி அரை மணி நேரம் வலியில்லாமல் இருக்க முடிகிற சைக்கிள்தான் உங்களுக்கு வேகமான சைக்கிள். மிகவும் தாழ்ந்த ஹேண்டில் உள்ளதை ஆசைப்பட்டு வாங்கி, இடுப்பு வலித்து நிமிர்ந்தே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அளவுகளுக்கு இடையில் தயங்கினால் சிறியதை எடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. கலப்புச் சாலைக்கு நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். கல்லில் இறங்கும்போது முன்சக்கரம் சற்று முன்னே இருப்பது தைரியம் தரும். இரண்டிலும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கியர் எப்படி இருக்கவேண்டும்? முன்னால் ஒரு பல்சக்கரமா, இரண்டா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 40 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். முன்னால் 46 பல், 30 பல் என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 பல் முதல் 34 பல் வரை என்று வையுங்கள். மிகக் கனமான கியராக 46க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் வருகிறது. சமதளத்தில் நமக்கு அதற்கு மேல் தேவையில்லை. மிக லேசான கியராக 30க்கு 34 போட்டு நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7 கிலோமீட்டர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் உட்கார்ந்தபடியே ஏற அந்தக் கியர் கைகொடுக்கும்.

முன்னால் 40 மட்டும், பின்னால் 11 முதல் 42 வரை என்றால் உச்சத்தில் 43 கிலோமீட்டர்தான். கீழேயும் சற்றுக் கனம். கியர்களுக்கு இடையே தாவலும் பெரிது. எதிர்காற்றில் ஒன்று கனமாகவும் அடுத்தது லேசாகவும் தோன்றும். அதற்குப் பதிலாகப் பராமரிப்பு எளிது, செயின் கழல்வது அரிது. தார் பாதியாவது உண்டு என்றால் நான் இரண்டையே சொல்வேன்.

டெல்டாவில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், உளுந்துச் செடியை வண்டிகள் மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள், வைக்கோல் சிதறிக் கிடக்கும். ஒரு கற்றை வைக்கோல் பின்கியரில் சிக்கினால், கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டான ஹேங்கர் வளைந்துவிடும் அல்லது முறிந்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு. சைக்கிள் வாங்கும் அன்றே மாற்று ஹேங்கர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

பிரேக்?

டிஸ்க். எண்ணெயில் இயங்குவது விரல் நுனிக்கே கட்டுப்படும்; கம்பியில் இயங்குவதை எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்வார். மலைக்கு அடிக்கடி போகிறவர் முதலாவதை எடுக்கவேண்டும்.

கார்பனா, அலுமினியமா, இரும்பா?

எடையில் எவ்வளவு பயன் என்று பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் ஒரு கிலோ குறைவது எண்பதில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் செங்குத்தாக ஏறும் மலையில் அது சுமார் 45 விநாடி மிச்சம். சமதளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கார்பனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல அலுமினியச் சைக்கிளோடு மிகச் சிறந்த டயர்களும் இன்னொரு ஜோடிச் சக்கரமும் வாங்கலாம். நான் அதைத்தான் செய்வேன்.

இன்னொரு ஜோடிச் சக்கரம் எதற்கு?

ஒன்றில் 32 மி.மீ. வழுவழு டயர், இன்னொன்றில் 42 மி.மீ. மண் டயர். ஐந்து நிமிடத்தில் ஒரு சைக்கிள் இரண்டாகும். இரண்டுக்கும் டிஸ்க் அளவும் பின்பல் அடுக்கின் அமைப்பும் ஒன்றாக இருக்கவேண்டும்.

650பி என்ற சிறிய சக்கரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் 47 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 678 மி.மீ. வருகிறது, வழக்கமான 700சி சக்கரத்தில் 28 மி.மீ. டயர் போட்டாலும் அதே 678. அதனால்தான் ஒரே ஃபிரேமில் இரண்டும் பொருந்துகின்றன. மணல் அதிகமுள்ள கடற்கரைப் பாதையில் ஓட்டுபவர்களுக்கும், குட்டையானவர்களுக்கும் நல்லது.

கிராவல் சைக்கிளில் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டலாமா?

பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் ஓட்டும் நிகழ்ச்சி, போட்டி அல்ல. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூடத் தேவையில்லை. 35 மி.மீ. வழுவழு டயரோடு தாராளமாக ஓட்டலாம். முதுகும் உள்ளங்கையும் நன்றி சொல்லும்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் குனிந்து, பின்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அதில் போட்டிருக்கும் டயருக்கு மேல் அது தாங்காது. பிறகு உங்கள் எடையைச் சொல்லி, காற்றை உங்கள் கண்முன்னே சரிசெய்யச் சொல்லுங்கள். கல்லைப்போல் காற்றடித்த சைக்கிளை ஓட்டி எதையும் அறிய முடியாது. கடை வாசலில் ஒரு வட்டம் சுற்றிவிட்டு நிற்காதீர்கள். பக்கத்தில் சாலை தோண்டிய இடமோ காலி மனையோ நிச்சயம் இருக்கும். அதில் இறங்கி, கைகளை லேசாக வைத்துக்கொண்டு, ஜல்லியின் மேல் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.